பழைய வில்லையும் புதிய கேமராவும்

கேமரா வாங்க விரும்பும் மாணவர் இன்று முதலில் கேட்பது அதன் விலையை. அடுத்துக் கேட்பது தவணை உண்டா என்பதை. கம்பம் பள்ளத்தாக்கில் திருமணம், காதணி விழா, பள்ளி ஆண்டு விழா என்று படமெடுக்கும் தொழிலை நாடி வரும் இளைஞர் பலர். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் கவாத்துச் செய்வோரின் பிள்ளைகளும் அவருள் உளர். கேமராவின் உடலுக்கு ஒரு கடன், அதில் பொருத்தும் வில்லைக்கு மற்றொரு கடன் என்று வட்டி கட்டத் தொடங்கிவிட்டால் கலையைப் பற்றிச் சிந்திக்க நேரமேது? ஆள்படம் எடுப்பதற்கென்று வரும் புதிய வில்லைகளுள் ஓரிலக்கம் ரூபாயைத் தாண்டியவை உண்டு. அதே வேளையில், தந்தையர் காலத்து ஸ்டூடியோ அலமாரிகளில் நல்ல வில்லைகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. பிலிம் போயிற்று, பிலிம் கேமராவும் போயிற்று, ஆகவே வில்லையும் போயிற்று என்று எண்ணிவிட்டோம். முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவது உண்மையன்று. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கில் நாம் லென்ஸ் என்று கூறும் வில்லை, கடைந்து மெருகேற்றிய கண்ணாடித் துண்டுகளை ஓர் உலோகக் குழலுள் அடுக்கி அமைத்ததாகும். ஒளியை வளைத்து ஒரு தளத்தில் குவிப்பதே அதன் பணி. அத்தளத்தில் இருப்பது பிலிமா, மின்னணு உணரியா என்பது வில்லைக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஒளியின் இந்நெறியைக் காண ஆய்வுக்கூடம் வேண்டா. ஓடைப்பட்டியில் நண்பகலில் ஒரு திராட்சைப் பந்தலின்கீழ் நின்று நிலத்தை நோக்கினால் போதும். இலைகளின் இடைவெளிகள் கோணல்மாணலானவை. ஆயினும் அவற்றின் வழியே நிலத்தில் விழும் ஒளிப்பொட்டுகள் வட்டமானவை. ஒவ்வொரு பொட்டும் சூரியனின் உருவம் என்பதே காரணம். கிரகண நாளில் அப்பொட்டுகள் பிறைகளாகிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று காலையில் மரநிழலை உற்று நோக்கியவர் இதனைக் கண்டிருப்பர். கிரகணத்தின் பிறை சிறுதுளை வழியே எவ்வாறு உருவாக விழுகிறது என்பதை ஆராய்ந்து தனி நூலே இயற்றியவர் இப்னு அல்ஹைதம். பஸ்ராவில் பிறந்து 1040ஆம் ஆண்டையொட்டிக் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞரின் ‘கிதாபுல் மனாளிர்’, ஒளி கண்ணிலிருந்து பொருளுக்குச் செல்வதன்று, பொருளிலிருந்தே கண்ணை வந்தடைகிறது என்று நிறுவியது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கண்டறியப்பெற்ற ஒளியின் இயல்பு மாறவில்லை. 1970இல் கடைந்த வில்லை இன்றைய கேமராவிலும் அவ்வியல்பின்படியே உருவம் தரும்.

அங்ஙனமாயின் இத்தனை ஆண்டுகள் ஏன் பழைய வில்லைகளை எல்லாக் கேமராக்களிலும் பொருத்த இயலவில்லை? தடை, கேமராவினுள் இருந்த ஆடியே. எஸ்.எல்.ஆர். கேமராவில், வில்லை வழியே வரும் ஒளியைப் பார்வைத்துளைக்குத் திருப்பச் சாய்வாக ஓர் ஆடி நின்றது. அது மேலெழும்பித் தாழ இடம் வேண்டும். ஆகவே வில்லையைப் பொருத்தும் வளையத்துக்கும் பிலிம் தளத்துக்கும் இடையே நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் தொலைவு விட்டார்கள். திருகு முறையில் பொருந்தும் எம்42 வகைக்கு அத்தொலைவு 45.46 மி.மீ. நிக்கானின் எஃப் வகைக்கு 46.5 மி.மீ. பழைய வில்லைகள் யாவும் இத்தொலைவில் உருவம் குவியுமாறு கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலும் தொலைவிலுள்ள மலை தெளிவாக விழாது.

2008இல் பானாசோனிக் நிறுவனத்தின் ஜி1 வந்தது. ஆடி நீங்கியது. கடைக்காரர் மிரர்லெஸ் என்று கூறும் வகை இதுவே. ஆடி போனதும் அதற்காக விட்டிருந்த இடமும் தேவையற்றுப் போயிற்று. சோனியின் இ வகையில் தொலைவு 18 மி.மீ.; நிக்கானின் இசட் வகையில் 16; கேனானின் ஆர்.எஃப். வகையில் 20. இனிக் கணக்கு எளிது. 45.46இல் 18 போக எஞ்சுவது 27.46 மி.மீ. அந்த நீளமுள்ள வெற்று வளையம் ஒன்றை இடையே பொருத்திவிட்டால் எம்42 வில்லை தன் பழைய இடத்திலேயே நிற்பதாகிவிடும். இவ்வளையத்தை அடாப்டர் என்பர். அதனுள் பெரும்பாலும் கண்ணாடி ஏதும் இராது. தமிழ்த்துறை மாணவர்க்கு இதனை விளக்குவது எனக்கு எளிது: உயிரீற்று நிலைமொழிக்கும் உயிர்முதல் வருமொழிக்கும் இடையே வரும் உடம்படுமெய்யே இவ்வளையம். தனக்கெனப் பொருள் இல்லை. அது இன்றேல் இரண்டும் சேரா.

பொருத்தியபின் செய்ய வேண்டியவை சில. மின்தொடர்பு இல்லாத வில்லையைக் கேமரா அறியாது. ஆகவே வில்லையின்றியும் படமெடுக்க இசைவு தரும் அமைப்பைப் பட்டியலில் தேடி இயக்க வேண்டும். ஒளித்துளையின் அளவை வில்லையின் வளையத்தைத் திருப்பியே அமைக்க வேண்டும். ஷட்டரின் வேகத்தைக் கேமராவே கணக்கிட்டுக் கொள்ளும். உடலிலேயே நடுக்கம் தாங்கும் அமைப்பு இருப்பின், வில்லையின் குவியத் தொலைவு 58 என்றோ 135 என்றோ நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். சிறிய உணரியுள்ள கேமராவில் 50 மி.மீ. வில்லையின் பார்வைப் பரப்பு 75 மி.மீ. வில்லையினுடையது போலக் குறுகும். இவை அரைமணி நேரத்துப் பாடம்.

கடினமானது குவியத்தைக் கையால் அமைப்பது. நம் மூத்த ஸ்டூடியோக்காரர்கள் பார்வைத்துளையின் நடுவில் இருந்த பிளவு வட்டத்தைக் கொண்டு இதனைச் செய்தனர். இன்றைய மாணவர்க்கு அவரினும் சிறந்த துணை உண்டு. தெளிவான விளிம்புகளைக் கேமரா சிவப்பிலோ மஞ்சளிலோ தீட்டிக் காட்டும். வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் காட்டும். துளையைச் சுருக்கினால் பழைய கேமராவில் காட்சி இருண்டுவிடும். இங்கு மின்னணுத் திரை தானே ஒளியைக் கூட்டிக் கொள்ளும். உண்மையில், பழைய வில்லைகள் தம் பழைய கேமராக்களில் பெற்றிராத வசதியை இப்போதுதான் பெற்றிருக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு வில்லை. சோவியத் ஒன்றியத்தின் செனித் கேமராக்களோடு வந்த ஹீலியாஸ் 44 என்னும் 58 மி.மீ. வில்லை, ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துப் பயோடார் வில்லையின் வழிவந்தது. பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்டமையால் எளியோர் கையிலும் அது இருந்தது. துளையை முழுதும் திறந்து, இலைப்பரப்பைப் பின்னணியாக்கி அதனால் படமெடுத்தால், நடுவில் உள்ள முகம் தெளிவாக இருக்கும். பின்னணியின் ஒளிப்பொட்டுகளோ ஓரம் செல்லச் செல்ல எலுமிச்சை வடிவாக ஒடுங்கி, முகத்தைச் சுற்றிச் சுழல்வன போலத் தோன்றும். சாய்வாக வரும் ஒளியைக் குழலின் விளிம்பு ஒரு பக்கம் வெட்டிவிடுவது இதற்கு ஒரு காரணம். வில்லை வகுத்தோர் இதனைக் குறையென்றே கருதினர். திராட்சைப் பந்தலைவிட இக்குறைக்குப் பொருத்தமான இடம் வேறு இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. 2022இல் வெளிவந்த ‘தி பேட்மேன்’ என்னும் ஆங்கிலப் படத்தின் சில காட்சிகளுக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் இந்த ஹீலியாஸையே நாடினார்.

எனினும் குறையையே அழகென்று கொண்டாடும் இன்றைய மோகம் எனக்கு உடன்பாடன்று. எந்தப் படத்தைக் கண்டாலும் சுழல், எந்த முகத்தின் பின்னும் சுழல் என்றால் அது சலிப்பே. இம்மோகத்தால் பழைய வில்லைகளின் விலையும் ஏறிவருகிறது. ஏழை மாணவருக்கு உதவவேண்டிய பொருள் செல்வர்தம் பொழுதுபோக்காகிவிடின், யான் கூறவந்ததற்கே அது மாறானது.

இவ்விடத்தில் மா. கிருஷ்ணனை நினைவுகூர்தல் தகும். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மைந்தர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழிலும் பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் அரிய கட்டுரைகள் வரைந்தார். யானையையும் காட்டெருமையையும் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவற்றை எடுத்த கருவி எது? உடல் ஒரு நிறுவனத்தது. தொலைவில்லை வேறொரு நிறுவனத்தது. எஞ்சிய பாகங்கள் அவரே செய்து இணைத்தவை. அதன் எடையை எண்ணிப் போலும், நகைச்சுவையாக அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். காட்டுயிர் அறிஞர் இ. பி. ஜீ, விலையுயர்ந்த கருவிகளோடு வந்தோரிடையே கிருஷ்ணனின் இந்த ஒட்டுக் கருவியைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். கிருஷ்ணன் புதுமைக்காக இதனைச் செய்தாரல்லர். தம்மிடம் இருந்தவற்றைக்கொண்டு தாம் காண விழைந்ததைக் காணச் செய்தார். தமிழ்த்துறையில் மாதவையாவைப் படிக்கிறோம்; அவர் மைந்தரின் கருவியைப் பற்றியும் ஒரு வகுப்பு நடத்தினால் தவறில்லை.

எல்லாவற்றுக்கும் பழைய வில்லை உதவும் என்று வாதிட நான் வரவில்லை. மணமேடையில் மாலை மாறும் கணமும், பந்தயத்தில் ஓடும் காளையும் கையால் குவியம் அமைப்பவருக்குக் காத்திரா. அங்குத் தானியங்கி வில்லையே தக்கது. கூலி வாங்கிக்கொண்டு படம் தெளிவாக விழவில்லை என்று சொல்லுதல் முறையன்று. எதிரொளியில் பழைய வில்லை வெளிறும். மழைத்தூறலைத் தாங்காது. ஆனால் திராட்சைக் கொத்து ஓடிவிடுவதில்லை. கத்தரிகொண்டு கொத்தை அறுக்கும் மூதாட்டியின் கைகள், பழத்தின்மேல் படர்ந்திருக்கும் வெண்பூச்சு, பந்தலின் கல்தூண்கள், மாலை முகிலேறிய மேகமலை ஆகிய இவை பொறுமையை வேண்டுவன. வில்லைக்கும் உடலுக்கும் இடையே மேலும் ஒரு வெற்றுக்குழலைச் செருகினால் ஒரே பழத்தை அணுகி எடுக்கவும் ஆகும். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சைக்குத் தனிப்பெயர் உண்டு. இவற்றின் நல்ல படங்களை எங்கிருந்தோ வருவோர் எடுத்துச் செல்வதைவிட இம்மண்ணின் பிள்ளைகள் எடுப்பது மேலன்றோ?

குறும்படம் எடுக்கும் மாணவருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. பழைய வில்லையின் குவிய வளையம் நெடுநேரம் மெல்லச் சுழலும். ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குப் பார்வையை நகர்த்தும் வேகம் கைவசமாகும். புதிய வில்லைகளுள் பலவற்றில் வளையம் வெறும் மின்விசை. திருப்பிய கைக்கும் நகரும் கண்ணாடிக்கும் நேர்த்தொடர்பு இல்லை.

இவ்வளவும் வில்லை உயிரோடிருந்தால்தான். அதன் பகை பூஞ்சை. காற்றின் ஈரம் அறுபது விழுக்காட்டைத் தாண்டி நீடிக்கும்போது, இருளில் மூடிவைத்த கண்ணாடிமீது நூல்நூலாக அது படரும். தொடக்கத்திலேயே பிரித்துத் துடைத்தால் நீங்கும். விட்டுவிட்டால் அது கக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்து, பின் கண்ணாடியையே அரிக்கும். அதன்பின் எவராலும் மீட்க இயலாது. அழகுக்காகத் தைத்த தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். சில வில்லைகள் மஞ்சளாகத் தோன்றும். டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 வகை இதற்குப் பேர்போனது. அதன் கண்ணாடியில் கலந்த தோரியமே காரணம். அது கெட்டுவிட்டதென்று எறிய வேண்டா. சில வாரங்கள் வெயில் பட வைத்தால் மஞ்சள் குறையும்; வில்லை கதிரைக் குவித்துத் தீமூட்டாதவாறு அடியில் உலோகத் தாள் விரித்து வைக்க வேண்டும் என்பது மட்டும் கருத்திற் கொள்ளத்தக்கது.

எனவே கல்லூரிப் பெரியோர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு விண்ணப்பம். நூலகத்தில் நூல்களை இரவல் தருவது போல் வில்லைகளையும் இரவல் தரலாம். ஈரம் புகாத சிறு பெட்டி ஒன்று, நான்கைந்து வகை வளையங்கள், ஒரு பதிவேடு ஆகிய இவையே தொடக்கச் செலவு. மூடிய ஸ்டூடியோக்களின் அலமாரிகளில் உள்ளவற்றை, உரியவர் விரும்பினால் நன்கொடையாகவோ அடைக்கலப் பொருளாகவோ பெறலாம். அவற்றைக் கையாண்ட மூத்தவர்களை மாதம் ஒருமுறை அழைத்து, ஒளியை அளவிட்ட பழைய அனுபவத்தை மாணவருக்குச் சொல்லச் செய்யலாம். தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும் மாணவர் திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்; விழுந்து உடைந்தால் தண்டம் விதிக்காது, பிரித்துப் பார்க்கும் பாடத்துக்கு அதனைப் பயன்படுத்தலாம்.

பெட்டி வரும்வரை ஒன்று செய்யலாம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே ஈரத்தைக் கொண்டுவரும். அதற்கு முன், வீட்டில் வில்லை இருப்பவர் அதனைத் தோலுறையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரு கைவிளக்கைப் பின்னிருந்து பாய்ச்சிப் பார்க்கட்டும். நூலிழை ஏதும் தெரியவில்லையெனில், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இட்டு வைத்தால் இவ்வாண்டு மழைக்குப் போதும்.