கட்டில் அங்கே இல்லை என்றால்

ஐ.சி.யு.வில் இருக்கிற அப்பாவைப் பார்க்கப் போகிறீர்கள். கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் நெஞ்சு என்ன பாடு படும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அனேகமாக ஸ்கானுக்குத்தான் கொண்டு போயிருப்பார்கள்.

"ரெண்டு மாடி கீழதானே, அதுக்கேன் டொக்டரும் நேர்ஸும் கூடப் போகினம்?" என்று கேட்பவர்கள் உண்டு. தூரம் கொஞ்சம்தான். ஆனால் சுவரிலிருந்து வந்த ஒட்சிசனும் மின்சாரமும் அறை வாசலோடு நின்றுவிடும். பிறகு எல்லாம் சிலிண்டரும் பற்றறியும்தான். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 2 லீற்றர் சிலிண்டரில் ஏறத்தாழ 400 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். லிஃப்ற் இடையில் நின்றால்? அதனால்தான் புறப்படுமுன் கணக்குப் பார்க்கிறார்கள், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையையும் கூடவே கொண்டுபோகிறார்கள். ஒரு மெல்லிய குழாய் இழுபட்டாலே இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து நின்றுபோகும். அந்த நேரம் நேர்ஸோடு கதை கொடுக்காதீர்கள். கட்டிலைத் தள்ளவும் வேண்டாம். ஊரில் நாங்களே தள்ளிப் பழகிய கை சும்மா இருக்காதுதான்.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினரை எம்.ஆர்.ஐ.க்குக் கூட்டிப்போன 32 வயது இளைஞர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரையும் அவரையும் சேர்த்து இழுத்தது. உயிர் போய்விட்டது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. பலருடைய உடம்புக்குள்ளேயே இரும்பு இருக்கிறது. தோளில், முதுகில், தொடையில் முப்பது வருசமாகக் கிடக்கிற ஷெல் துண்டு. "அது ஒண்டும் செய்யாது" என்று விட்டுவிட்டார்கள். சுவிசில் எம்.ஆர்.ஐ.க்கு முன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். மயக்கத்தில் கிடப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும். ஜெர்மன் தெரிந்த மகளுக்கு அப்பாவின் காயம் தெரியாது. காயம் தெரிந்த அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. பேர்ணிலும் சூரிச்சிலும் எத்தனை வீடுகள் இப்படி!

துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்றில்லை. எக்ஸ்ரேயிலோ, காந்தம் இல்லாத சி.ரி.யிலோ அது எங்கே கிடக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். கண்ணுக்குள்ளோ மூளைக்குப் பக்கத்திலோ கிடந்தால் விசயம் பெரிது. ஜெர்மனில் 'மெற்றால்ஸ்பிளிற்றர்' என்று சொல்லுங்கள், பிரெஞ்சில் 'எக்லா தெ மெத்தால்'. வாய்க்குள் வராவிட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்.

துண்டு எங்கே, பேஸ்மேக்கர் உண்டா, என்ன மருந்து ஒத்துவராது என்று ஒரு கடதாசியில் எழுதி காப்புறுதி அட்டையோடு வைத்துவிடுங்கள். அப்பா சிரித்து மழுப்பினால் அம்மாவைக் கேளுங்கள்.