இரு நெறியாளர்களுக்கு இடையில் ஓர் ஆய்வாளர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையொப்பமானது என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. இரு துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படமும் உடன் வரும். ஒப்பந்தத்தின் அம்சங்களில் ஒன்றாகக் 'கூட்டு முனைவர் பட்டம்' என்பதும் இடம்பெற்றிருக்கும். அந்தப் படத்தில் இல்லாத ஒருவர் உண்டு. அந்த ஒப்பந்தத்தை நம்பித் தன் வாழ்வின் நான்கைந்து ஆண்டுகளைச் செலவிடப்போகும் ஆய்வாளர்.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருந்தபோது, இத்தகைய ஏற்பாட்டில் நானும் இந்தியத் தரப்பு நெறியாளராகப் பணியாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகும் நான் இத்திட்டத்தை ஆதரிப்பவனே. ஆனால், நாம் அதை நடத்தும் முறை கவலை தருகிறது.

ஆய்வாளர் இரு பல்கலைக்கழகங்களிலும் பதிவு செய்கிறார். இரு இடங்களிலும் அவருக்கு நெறியாளர் உண்டு. எழுதுவது ஒரே ஆய்வேடு. பிரான்ஸ் 1994-ஆம் ஆண்டிலேயே இதற்கு அரசாணை மூலம் நடைமுறை வகுத்துவிட்டது. 'எராஸ்மஸ் முண்டஸ்' திட்டத்தின் வழியாக ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் கூட்டு முனைவர் பட்டங்களுக்கு நிதி வழங்கியது. நம் நாட்டில் மும்பை ஐஐடியும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் 2008-இல் தொடங்கிய ஆய்வுக் கழகம் முன்னோடி. மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் வழிவிடும் விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது ஒரு பருவத்தையாவது ஆய்வாளர் செலவிட வேண்டும் என்கிறது அது. இவ்வாறு பெறும் பட்டத்துக்குத் தனியாக இணைச் சான்று வாங்க அலைய வேண்டியதில்லை என்பது அதிலுள்ள நல்ல அம்சம்.

நன்மைகள் என்றதும் அனைவரும் ஆய்வுக்கூட வசதியைத்தான் சொல்வார்கள். அது உண்மைதான். நம்மிடம் பழுதாகிக் கிடக்கும் ஒரு கருவிக்கு உதிரிபாகம் வந்து சேரும் நேரத்தில், அங்கே ஓர் அத்தியாயத்துக்கான தரவுகளையே திரட்டிவிடலாம். ஆனால், நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை: இரண்டாவது நெறியாளர் என்ற ஒருவர் இருப்பதையே.

நம் ஆய்வுச் சூழலில் நெறியாளரின் அதிகாரம் ஏறத்தாழ எல்லையற்றது. தலைப்பு, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது, உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் என எல்லாம் ஒருவர் கையில். நெறியாளர் வீட்டுத் திருமண வேலைகளைப் பார்த்த ஆய்வாளர்களை நான் அறிவேன். அதில் தவறேதும் இருப்பதாக நெறியாளரும் நினைத்ததில்லை, ஆய்வாளரும் நினைத்ததில்லை. வேறொரு நாட்டில், வேறொரு மரபில் வந்த ஒருவர், 'இந்த முடிவுக்கு ஆதாரம் என்ன?' என்று மின்னஞ்சலில் கேட்கும்போது அந்தப் பிடி சற்றே தளர்கிறது. என் மாணவியின் முன்னிலையிலேயே என் புள்ளியியல் முறையை அந்த ஐரோப்பியப் பேராசிரியர் மறுத்தார். அன்று எனக்குக் கசந்தது. அந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டில் சிறந்ததாக அமைந்தது.

அந்த மாணவி கடலூர் மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அவருடைய ஆய்வுப் பொருள். மண் மாதிரிகளை இங்கே எடுத்து, மரபணுப் பகுப்பாய்வை அங்கே செய்வது என்பது திட்டம். காகிதத்தில் அது மிக எளிதாகத் தெரிந்தது.

நம் உயிரியல் வளங்களை ஆய்வுக்காக வெளிநாட்டு நிறுவனம் பெறுவதற்கு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. மத்திய அரசின் ஒப்புதலும் வழிகாட்டு நெறிகளும் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. சட்டம் நியாயமானதே, வேம்புக்கும் மஞ்சளுக்கும் அயல்நாட்டுக் காப்புரிமை வழங்கப்பட்ட வரலாற்றை நாம் மறந்துவிட முடியாது. ஆனால், எங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விண்ணப்பிக்க வேண்டியது யார் என்பதே பதிவாளர் அலுவலகத்துக்கு விளங்கவில்லை. சட்டத்தைச் செயல்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. எங்கள் கோப்பு அந்த வாசலை எட்டும் முன்பே பதினொரு மாதங்கள் கழிந்துவிட்டன. அதற்குள் அங்கே அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆய்வுக்கூட நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அடுத்தது பணம். பிரான்ஸ் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். அவருக்கு ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் உண்டு. இங்கே அவர் மாணவர். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்த உதவித்தொகையும் இன்றி ஆய்வு செய்வோர் ஏராளம். அங்கே தங்கும் பருவத்துக்கான வாடகையும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால், அந்தச் சுமை குடும்பத்தின் தலையில்தான் விழும். என் மாணவியின் தந்தை படகை அடகு வைத்த செய்தி, அவர் திரும்பி வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

தேர்வு முறையும் ஒரு சிக்கல். நம் விதிப்படி, புறத் தேர்வாளர்கள் இருவரேனும் ஆய்வேட்டை மதிப்பிட்ட பிறகு பொது வாய்மொழித் தேர்வு நடைபெற வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாகத் தேர்வாளர்களின் எழுத்துவழி அறிக்கையே போதுமானதாக இருந்து வந்தது. பிரான்ஸில் முன்மதிப்பீட்டாளர் இருவரின் அறிக்கைக்குப் பிறகே நடுவர் குழு கூடும். 'ஒரே தேர்வு' என்று ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. எவருடைய தேர்வு என்பது முடிவாகவில்லை என்றால், ஆய்வேட்டை முடித்துவிட்டு ஆய்வாளர் காத்துக் கிடப்பார். முழு மதிப்பீட்டையும் ஆறு மாதங்களுக்குள் முடிக்க மானியக் குழு சொல்கிறது. என் மாணவிக்கு ஓராண்டைத் தாண்டியது; இடையில் வந்த உதவிப் பேராசிரியர் பணி அறிவிப்பு ஒன்றுக்கு அவரால் விண்ணப்பிக்க இயலவில்லை.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளும் நிர்வாகம் ஐஐடிகளிடம் இருக்கிறது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டுத் தொடர்புக்கென்று ஒரு பேராசிரியர், தம் வகுப்புகளுக்கு இடையே, கூடுதல் பொறுப்பாக அமர்ந்திருப்பார். தேசிய தர மதிப்பீட்டில் 3.01 புள்ளி, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் ஒன்று, அல்லது உயர் சிறப்பு நிறுவனத் தகுதி என்பது மானியக் குழு வைத்திருக்கும் வாசல். அந்த வாசலைத் தாண்டிய பல்கலைக்கழகத்திலும் அலுவலகம் இப்படித்தான் இருக்கக்கூடும். மதிப்பெண் அதைக் காட்டாது.

ஆகவே, ஆய்வாளரைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். எந்த மாதத்தில் எங்கே இருப்பார், செலவு யாருடையது, மாதிரிகளுக்கும் தரவுகளுக்கும் அனுமதி பெறுவது யார், காப்புரிமை வந்தால் பங்கு எவ்வளவு, எந்தத் தேர்வு முறை, ஒரு நெறியாளர் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆய்வாளரும் அதில் கையொப்பமிட வேண்டும். பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் தனி உடன்படிக்கை எழுதும் வழக்கம் உடையவை; நமக்கு அது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. தமிழக அரசு தன் பங்குக்கு, வெளிநாட்டில் தங்கும் பருவத்துக்கென ஒரு பயண உதவித்தொகையை ஏற்படுத்தலாம். ஆண்டுக்கு ஐம்பது பேருக்குத் தந்தாலும் போதும்.

இன்னொன்றும் பேசப்படுவதில்லை. இங்கிருந்து ஆய்வாளர்கள் போகிறார்கள். அங்கிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்? கல்வெட்டியல், கோயிற்கலை, கடலோரச் சூழலியல், சித்த மருத்துவம் என எத்தனையோ துறைகளில் ஆய்வுக்களம் இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு அயல்நாட்டு ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் நம் பல்கலைக்கழகத்தில் கூட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய விரும்பினால், எந்த அலுவலரை அணுகுவது, எங்கே தங்குவது, எத்தனை நாளில் பதிவு முடியும் என்று கேட்பார். அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய ஓர் அலுவலகத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அடுத்த கல்வியாண்டுக்குள் அமைக்கட்டும். அடுத்த ஒப்பந்தத்துக்கான படத்தை அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம்.