நடந்துவிட்டு வடை தின்றால் எடை குறையுமா?



உங்களுக்கு வரவு செலவுக் கணக்கு சொல்லிக்கொடுத்த நான், என் வயிற்றுக் கணக்கில் தோற்றேன். தினமும் காலையில் அரை மணி நேரம் வேக நடை. முடிந்ததும் நண்பர்களோடு டீக்கடையில் இரண்டு உளுந்து வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ஆறு மாதமாகியும் எடை அப்படியே நின்றது. நடையில் செலவானது சுமார் 150 கலோரி. வடையும் டீயும் தந்தது அதைவிட அதிகம். ஒரு கிராம் எண்ணெயே 9 கலோரி!

அதற்காகப் பட்டினி கிடப்பதும் தப்புக் கணக்குதான். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்ட என் பழைய மாணவர் ஒருவர், போன மாதம் மயங்கி விழுந்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும்.

என் கருத்து இதுதான்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. வாரம் அரை கிலோ குறைந்தாலே போதும், அவசரம் வேண்டாம்.

வடையை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒன்றே ஒன்று.