எத்தனை கயிறு, எத்தனை பேர்?

அக்கா மகளுக்கு இந்தப் பிறந்தநாளுக்கு ஓட்டல் சாப்பாடு வேண்டாமாம். ராமநகராவுக்குப் போய்ப் பாறை ஏற வேண்டுமாம். “சித்தி, நீங்க கூட வந்தாத்தான் அம்மா விடுவாங்க” என்று ஏற்பாட்டையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டாள். பெங்களூரில் குடியிருப்பதில் இப்படி ஒரு வசதி. மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் போதும், கருங்கல் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்துவிடும். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட். 1975இல் வந்த ‘ஷோலே’யில் கப்பர் சிங் மிரட்டியது இந்தப் பாறைகளில் நின்றுதான்.

ஒருநாள் பயணம் நடத்துகிறவர்களின் விளம்பரங்களை அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றிலும் விலை இருந்தது, காலை டிபன் இருந்தது, போட்டோ எடுத்துத் தருவோம் என்று இருந்தது. எத்தனை கயிறு போடுவார்கள் என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியதே அதுதான்.

புதியவர்களுக்கு ‘டாப் ரோப்’ முறைதான். பாறையின் உச்சியில் குறைந்தது இரண்டு போல்ட்டுகளில் கட்டிய பிடிமானத்தில் கயிற்றைக் கோத்து, இரு முனைகளும் தரைக்கு வரும்படி விடுவார்கள். ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பில் இருக்கும் ஹார்னஸில். மறுபக்கத்தைக் கீழே நிற்பவர் பிலே கருவி வழியாக இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். கை நழுவினால் கயிறு கொஞ்சம் நீளும், ஓரிரு அடி இறங்கித் தொங்குவோம், அவ்வளவுதான். ஆனால் ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலை எட்டு மணிக்குக் கயிறு தயார், பதினொரு மணிக்கு வெயில் விரட்டிவிடும் என்று வையுங்கள். கையில் இருப்பது மூன்று மணி நேரம். புதியவர் ஒருவர் முடிச்சுப் போட்டு, சரிபார்த்து, ஏறி, நடுவில் திகைத்து நின்று, இறங்கி, கயிற்றைக் கழற்ற இருபது நிமிஷம் ஆகிவிடும். ஆக, கயிறு ஒன்றுக்கு ஒன்பது ஏற்றம். இரண்டு கயிறு, பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒன்றரை. ஆறே பேர் என்றால் ஆளுக்கு மூன்று. ஒன்றரை ஏற்றத்துக்காக விடியுமுன் எழுந்து போவது, திருப்பதியில் ‘ஜரகண்டி’ தரிசனம் மாதிரி.

ஏன் மூன்று வேண்டும் என்கிறேன்? முதல் ஏற்றம் பயத்துக்கே சரியாகிவிடும். கை பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டாம் முறைதான் கண் கீழே போகும். இங்கே புதியவர்களை ஏற்றுகிற பாறைகள் பெரும்பாலும் சரிவானவை, கைக்குப் பிடிக்க ஒன்றும் அகப்படாது. ஷூவின் ரப்பரை அழுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உடம்பைக் கல்லிலிருந்து சற்று விலக்கி நின்றால் கால் நிற்கும். பயந்துபோய்ப் பாறையோடு ஒட்டிப் படுத்தால் வழுக்கும். கீழிருந்து எத்தனை முறை கத்திச் சொன்னாலும் இது ஏறாது, மூன்றாம் முறை உடம்புக்குத் தானாகவே விளங்கிவிடும். அதற்கு முன்னாலேயே வண்டியைக் கிளப்பிவிடுகிற பயணத்தில் போட்டோ மட்டும்தான் மிச்சம்.

அக்கா மகள் ஏற்கெனவே ஒன்பது தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். மூன்றாவது கயிறு கேட்டேன். அப்படியானால் அதைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டும், காசு கூடும் என்றார் நடத்துகிறவர். அந்தப் பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதற்கு முன்பு பேசிய இன்னொருவரிடம் “கீழே கயிறு யார் பிடிப்பாங்க?” என்று கேட்டபோது, “உங்க குரூப்லயே ஒருத்தர் பிடிச்சுக்கலாம் மேடம், ரொம்ப ஈஸி” என்றார். ஈஸிதான், எல்லாம் சரியாக நடக்கும்வரை. இவரோ, “கத்துத் தர்றோம், நீங்களும் பிடிங்க. ஆனா பின்னாடி எங்க கை ஒண்ணு கயித்துல இருந்துக்கிட்டே இருக்கும்” என்றார். விஷயம் தெரிந்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

சான்றிதழ் பற்றியும் கேட்டேன். டார்ஜிலிங்கில் 1954இலும் உத்தரகாசியில் 1965இலும் தொடங்கிய மலையேற்ற நிறுவனங்களில் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. நல்ல படிப்பு, ஆனால் பனிமலையையும் சேர்த்த படிப்பு. ராமநகராவில் பனி இல்லை, தேனீ இருக்கிறது. கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் மலைத்தேனீ அடை அடையாகக் கட்டும். ஒரே இடத்தில் வருஷம் முழுக்க இருக்காது. போன மாதம் வெறுமையாக இருந்த பாறையில் இந்த மாதம் நாலு கூடு தொங்கலாம். தரையில் நிற்பவர் தேனீ கிளம்பினால் ஓடலாம், கயிற்றில் தொங்குகிறவர் எங்கே ஓடுவார்? அதனால் நான் சான்றிதழைவிட அழுத்திக் கேட்பது, “இந்தப் பாறைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?” என்பதைத்தான். சென்ட் வேண்டாம், தலையில் பூ வேண்டாம், கூச்சலும் புகையும் கூடவே கூடாது என்று பெண்களிடம் நானே சொல்லிவிட்டேன்.

எந்தப் பாறை, அங்கே வனத்துறை அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் யார் வாங்குகிறார்கள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ‘ஷோலே எடுத்த அதே குன்றிலேயே ஏறலாம்’ என்று ஒருவர் ஆசை காட்டினார். அந்த ராமதேவர பெட்டாவைக் கர்நாடக அரசு 2012இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டது. கருங்கழுத்துப் பாறு கூடு வைப்பது செங்குத்தான பாறைகளின் விளிம்பில், அதாவது ஏறுகிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிற அதே இடத்தில். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. மிஞ்சியதை நாமும் போய்க் கலைக்க வேண்டுமா? சுற்றிலும் குன்றுக்கா பஞ்சம். ஆசை காட்டியவரை அத்தோடு விட்டுவிட்டேன்.

மாதமும் திசையும் சேர்ந்துதான் நாளைத் தீர்மானிக்கின்றன. அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழையில் பாறையின் கறுப்புக் கோடுகளில் நீர் வழியும், கால் நிற்காது. மார்ச் பிறந்தால் கல் கொதிக்கும், உள்ளங்கை வியர்க்கும், ரப்பரும் பிடிப்பை இழக்கும். எந்த மாதமானாலும் காலையில் மேற்கு பார்த்த பாறையில் நிழல் இருக்கும். கிழக்கு பார்த்தது ஏழரைக்கே வெயிலில் நிற்கும். “பாறை எந்தத் திசை பார்த்தது?” என்ற கேள்விக்கு உடனே பதில் வந்தால் ஆள் அந்த இடத்தில் புழங்கியவர் என்று நம்பலாம்.

விளம்பரத்தில் எழுதாத, பெண்களுக்கான சில சமாசாரங்கள் உண்டு. மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாறை வெடிப்பில் அது மாட்டிக்கொண்டால் உடம்பு எடை முழுக்க அந்த ஒரு விரலில் இறங்கும். வளையலும் வேண்டாம். மெட்டி போட்ட காலோடு ஏறும் ஷூவுக்குள் நுழையவே முடியாது, அது விரல்கள் மடங்குகிற அளவுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளே போட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம். சடையைக் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் திணிக்க வேண்டும், தொங்கும் முடி பிலே கருவிக்குள் போய்ச் சிக்கினால் படாத பாடு. துப்பட்டா கூடவே கூடாது. கழிப்பறை? பாறையடியில் ஒன்றும் கிடையாது. வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று கூச்சப்படாமல் முன்னாடியே கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், அவர் தயங்காமல் ஒரு பெட்ரோல் பங்க்கைச் சொன்னார்.

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் வரும். எது நடந்தாலும் பொறுப்பு எங்களுடையதல்ல என்பதுதான் அதன் சாரம், எல்லோரும் கொடுப்பதுதான். அதை வைத்துச் சண்டை போடுவதைவிட, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, நாள் முழுக்க வண்டி பாறைக்குப் பக்கத்திலேயே நிற்குமா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று கேட்பது பிரயோஜனம்.

டிபனை விளம்பரத்துக்காரர்களிடம் விடாமல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஏறுவதற்கு முன் வாழைப்பழமும் தண்ணீரும் போதும், ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்க வேண்டும். திரும்பும்போது பிடதியில் தட்டு இட்லி. அதற்காகவே டிரைவரிடம் பழைய மைசூர் சாலை என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். புது விரைவுச்சாலையில் ஏற்றிவிட்டால் அது ராமநகராவையும் பிடதியையும் சுற்றிக்கொண்டு நேரே பெங்களூரில் கொண்டுபோய் விட்டுவிடும்.