கடல் கடந்த கல்வியும் கைகொடுத்த தோழமையும்

சென்ற ஆகஸ்டு மாதம் நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினார். அயல்நாட்டில் இரண்டு ஆண்டுகள் மேற்படிப்புப் படித்துத் திரும்பியவர். அக்கா பேசி முடித்ததும், "கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்" என்றார் மதர். எத்தனை கேள்விகள்! பனி பெய்வதைப் பார்த்தீர்களா? விமானத்தில் பயமாக இருந்ததா? சோறு கிடைக்குமா? மாதச் செலவு எவ்வளவு? கடைசியாக ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அக்கா, அங்கே முதல் நாள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது யார்?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "முதல் பதினொரு நாள் யாருமே இல்லை, பாப்பா. பன்னிரண்டாம் நாள் ஒருத்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவள் வந்ததால்தான் நான் படித்து முடித்தேன்" என்றார்.

அன்று முதல் எங்கள் வகுப்பில் இதைப் பற்றியே பேச்சு. அயல்நாட்டுப் படிப்பு என்றால் கல்லூரியின் பெயர், கட்டணம், விசா, பிறகு கிடைக்கும் வேலை ஆகியவற்றைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். தோழமையை ஏதோ பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் கருத்து வேறு. அந்நிய மண்ணில் படிப்பு என்னும் செடி வேர்பிடிப்பதற்குத் தோழமையே ஈரம் என்று நாங்கள் நம்புகிறோம். இதற்குச் சான்றாக ஒரு பெண்ணின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம். அவர் பெயர் ஆனந்திபாய் ஜோஷி.

மராட்டிய நாட்டில் 1865ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் கோபால்ராவ் அஞ்சல் துறையில் எழுத்தர். வயதில் மிக மூத்தவர். மனைவி படிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பதினான்கு வயதில் ஆனந்தி ஒரு மகனைப் பெற்றார். தக்க மருத்துவ உதவியின்றிப் பத்தே நாளில் அக்குழந்தை இறந்தது. அந்தத் துயரத்திலிருந்துதான் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் பிறந்தது.

மனைவியை அமெரிக்காவில் படிக்கவைக்க உதவி வேண்டி, கோபால்ராவ் அந்நாட்டு மதபோதகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவி கிடைக்கும் என்ற பொருளில் பதில் வந்தது. கணவனும் மனைவியும் அதற்கு இசையவில்லை. ஆனால் அக்கடிதப் போக்குவரத்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அச்சாயிற்று. நியூஜெர்சி மாநிலத்தில் ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த திருமதி தியோடிசியா கார்ப்பெண்டர், பல் மருத்துவரிடம் தம் முறைக்காகக் காத்திருந்தபோது தற்செயலாக அதைப் படித்தார். முன்பின் பாராத பெண்ணுக்காக அவர் மனம் இரங்கிற்று. 1880இல் அவரே முந்திக்கொண்டு கடிதம் எழுதினார். அப்போது ஆனந்திக்கு வயது பதினைந்து. எங்கள் வயது!

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருவரும் கடிதத்தாலேயே பழகினார்கள். இன்று நாம் நினைத்த நேரத்தில் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அன்று கடிதம் கப்பலில் போய், பதில் கப்பலில் வரவேண்டும். ஆனந்தி அந்த அம்மையாரை "சித்தி" என்று உறவு சொல்லி அழைத்தார். திருமதி கார்ப்பெண்டர் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. "நீ நீயாகவே வா, என் வீடு திறந்திருக்கிறது" என்பதே அவருடைய அன்பின் பொருள். உதவி செய்கிறவர் கைம்மாறாக ஒன்றைக் கேட்டால் அது கொடுக்கல் வாங்கல். கேளாமல் கொடுப்பதுதான் தோழமை. பல மதத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் நம் பள்ளியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் கடந்தால் சாதி கெடும் என்று நம்பிய காலம் அது. ஊரார் ஏசினர். ஆனந்தி ஒளிந்துகொள்ளவில்லை. 1883 பிப்ரவரி 24ஆம் நாள், கல்கத்தாவை அடுத்த செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் எழுந்து நின்று, தாம் ஏன் அமெரிக்கா செல்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் விளக்கினார். இந்தியாவில் படிக்க வழியில்லையா என்ற கேள்விக்கும் விடை சொன்னார். நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பது நமக்குப் பெருமை. ஆனந்தியும் சென்னையைத் தம் உரையில் குறிப்பிட்டார். ஆயினும் இந்நாட்டில் அன்று பெண்களுக்குக் கிடைத்த மருத்துவப் படிப்பு நிறைவானதாக இல்லை என்பது அவர் எண்ணம். இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்றும் அவர் அறிவித்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் கல்கத்தாவில் கப்பலேறினார். கணவர் உடன் செல்லவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதக் கடற்பயணம். ஜூன் 4ஆம் நாள் நியூயார்க்குத் துறைமுகத்தில் இறங்கினார். துணிச்சல் கதைகள் எத்தனையோ படிக்கிறோம். பதினெட்டு வயதுப் பெண் ஒன்பது கஜப் புடவையோடு, தெரியாத தேசத்தை நோக்கி இரண்டு மாதம் கடலில் சென்றதைவிடத் துணிச்சல் வேறு உண்டோ? கடிதத்தில் மட்டுமே அறிந்த சித்தியை அவர் அங்கே நேரில் கண்டார். கல்லூரி திறக்கும்வரை கார்ப்பெண்டர் இல்லத்தில் மகளைப் போலவே தங்கியிருந்தார்.

பிறகு பிலடெல்பியா நகரில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதல்வராயிருந்த ரேச்சல் பாட்லி அம்மையார் அவரைப் பரிவோடு கவனித்துக்கொண்டார். 1885 அக்டோபர் 10ஆம் நாள் அக்கல்லூரியில் எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனந்தி புடவையில் இருக்கிறார். ஜப்பானைச் சேர்ந்த கெய் ஒகாமி கிமோனோ அணிந்திருக்கிறார். டமாஸ்கஸ் நகரத்து சபாத் இஸ்லாம்பூலி தம் நாட்டு உடையில் இருக்கிறார். மூன்று தேசம், மூன்று தாய்மொழி, மூன்று மதம். ஆனால் படிக்க வந்தது ஒரே படிப்பு. அந்தப் படத்தை எங்கள் வகுப்பில் கணினித் திரையில் பார்த்தபோது யாரும் வெகுநேரம் பேசவில்லை.

1886 மார்ச்சு 11ஆம் நாள் ஆனந்தி பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவருடைய உறவினரான பண்டித ரமாபாய் அவ்விழாவைக் காண இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். ரமாபாய் கிறிஸ்தவர், ஆனந்தி இந்து. அதனால் ஒருவர் மகிழ்ச்சி மற்றவருக்குக் குறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் ரமாபாய்க்கும் நண்பர்கள் பெருகினர். 1887இல் பாஸ்டன் நகரில் அவர் பணிக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் துணையோடு 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக 'சாரதா சதன்' என்ற பள்ளியை அவர் தொடங்கினார். அயல்நாட்டுத் தோழமை இங்குள்ள ஏழைப் பெண்ணின் கையில் ஏடாக வந்து சேர்ந்தது என்பதற்கு இது சான்று.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பொம்பளைப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது? அங்கே போய் மாறிப்போயிட்டா?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. அந்த அச்சத்தை நாங்கள் பழிக்கவில்லை. ஆனந்தியின் கதையிலும் துன்பம் உண்டு; அதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. கடுங்குளிரும் பழக்கமில்லாத உணவும் அவர் உடலை வருத்தின. காசநோய் பற்றிக்கொண்டது. 1886இன் கடைசியில் தாயகம் திரும்பினார். கோலாப்பூரில் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவு மருத்துவராக நியமனமும் கிடைத்திருந்தது. ஆனால் 1887 பிப்ரவரி 26ஆம் நாள் பூனாவில் இறந்தார். இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குளிருக்கு ஏற்ற உடை, உடம்புக்கு ஏற்ற சாப்பாடு, நோய் வந்தால் மறைக்காமல் சொல்லும் துணிவு இவையெல்லாம் வேண்டும். மாறிப்போவாள் என்ற பயத்துக்கு மட்டும் ஆனந்தியே பதில். புடவையை விடவில்லை, தம் வழக்கங்களை விடவில்லை, பட்டத்தையும் விடவில்லை. தன்னைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் நண்பர்கள் கிடைத்த பெண் எங்கும் தொலைந்துபோவதில்லை. தனிமையில் விடப்பட்டவளுக்குத்தான் ஆபத்து அதிகம். எனவே கல்லூரியின் கட்டணத்தை விசாரிக்கும்போது, அந்த ஊரில் நம் பிள்ளைக்குக் கதவு திறப்பவர் யார் என்பதையும் விசாரியுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவும் எழுதியபின் எங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுதாவிட்டால் இக்கட்டுரைக்கு மதிப்பில்லை.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒடிசாவிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். அவள் தந்தைக்கு இங்கே நூற்பாலையில் வேலை. தமிழ் அவளுக்குப் புதிது. "பழம்" என்பதை அவள் "பளம்" என்றாள் என்று சிரித்தோம். நம்மிலேயே எத்தனை பேர் அப்படிச் சொல்கிறோம்! மதிய வேளையில் அவள் வேப்பமரத்தடியில் தனியே டிபன் பாக்ஸைத் திறப்பாள். நாங்கள் பத்தடி தள்ளி வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஒருமுறை காய்ச்சலால் அவள் ஆறு நாள் வரவில்லை. "இவள் வீடு யாருக்குத் தெரியும்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் கையும் எழவில்லை.

அக்கா வந்து பேசிய அன்று மதியம், எங்களில் இருவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தோம். அவளே பேசினாள். "அக்காவுக்குப் பதினொரு நாள்தானே?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அவள் வீட்டுக்கு நாங்கள் வழி தெரியாமல் திண்டாடுவதில்லை. அவர்கள் வீட்டுப் 'பகாளா' என்பது நம் வீட்டுப் பழைய சோறுதான் என்று கண்டுகொண்டோம். கணக்கில் அவள் எங்களுக்கு ஆசிரியை. ஒடியாவில் எண்ணுவதற்கு எங்களுக்குக் கற்றுத்தருகிறாள்; எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். நியாயந்தானே! ஆனாலும் போன ஓராண்டை அவளுக்குத் திருப்பித்தர எங்களால் ஆகாது. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

தோழியரே, உங்களில் சிலர் நாளை ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் படிக்கப் போவீர்கள். அங்கே ஒரு கார்ப்பெண்டர் சித்தி கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். அந்த அம்மையார் தம் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே உறவுக்கு வழி திறந்தார். நாமும் இருக்கும் இடத்திலேயே அதைச் செய்யலாம் அல்லவா? வரும் ஜூன் மாதம் முதல், வெளியூரிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வரும் ஒவ்வொரு புதிய மாணவிக்கும் முதல் நாள் மதியம் உடன் சாப்பிட ஒருத்தியை வகுப்புத் தலைவி நியமிக்க வேண்டும் என்று மதர் அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். நாங்கள் அப்போது பத்தாம் வகுப்பை முடித்துச் சென்றிருப்போம். பின்வரும் தங்கைகள் இதைக் கைவிடாமல் நடத்த வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஆனந்தியின் அஸ்தியைக் கோபால்ராவ் அமெரிக்காவுக்கே அனுப்பினார். நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி நகரில், கார்ப்பெண்டர் குடும்பத்தாரின் கல்லறை நிலத்திலேயே அது அடக்கம் செய்யப்பட்டது. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது படித்த ஒரு கடிதத்தில் தொடங்கிய உறவு, தம் குடும்பத்து மண்ணிலேயே இடம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது.

"முதல் நாள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது யார்?" ஐந்தாம் வகுப்புத் தங்கையே, நீ கேட்டபோது சிரித்ததற்கு எங்களை மன்னித்துவிடு. அன்று கேட்ட கேள்விகளுள் நல்ல கேள்வி உன்னுடையதுதான்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு