மூன்று மணி ரயில்

மத்தியதரைக்கடல் கப்பல் பயணத்துக்கான விளம்பரத் தாளை எடுத்துப் பாருங்கள். 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் 'சிவிடவெக்கியா'. ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் 'லிவோர்னோ'. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் 'பிரேயஸ்'. கப்பல் போய் நிற்பது அந்தப் பொடி எழுத்து ஊரில்தான். அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 80 கிலோமீட்டர், ஃப்ளாரன்ஸுக்கு 90-ஐ ஒட்டி. பிரேயஸ் மட்டும் பரவாயில்லை, மெட்ரோ தூரம். வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று இத்தாலிய அரசு தடுத்துவிட்டது. அதனால் வெனிஸ் என்று பெயர் போட்டு விற்கப்படும் சில பயணங்கள் ராவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ போய் நிற்கின்றன. இரண்டுமே வெனிஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

எங்கள் அடுக்ககத்தில் மேல் மாடிக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பார்சிலோனாவில் ஏறி பார்சிலோனாவிலேயே இறங்குகிற ஒரு வாரப் பயணத்துக்கு மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கக் கப்பல் நிறுவனம் அனுப்பிய விலைப்பட்டியலோடு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்கும் கூட்டிப் பாத்தா கப்பல் டிக்கெட்டுல பாதி வந்துடும் போலிருக்கே சார். நாமளே எறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துட முடியாதா?"

"முடியும் சார். ஆனா எல்லா ஊர்லயும் வேண்டாம்."

கப்பல் சுற்றுலாவின் விலையில் பெரும்பங்கு ஒரே ஒரு வாக்குறுதிக்குத்தான். அவர்களுடைய பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க வழியில்லை என்றால் அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தானாக இறங்கிப் போனவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மணி ஆனதும் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மேல்தளத்தில் கையில் கோப்பையோடு நிற்கிற கூட்டம், கரையில் மூச்சிரைக்க ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவதும் உண்டு.

அந்த வாக்குறுதிக்கு ஈடாக நேரத்தைக் கொடுக்கிறோம். காலையில் கப்பலின் நாடக அரங்கில் சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பது பேரும் வந்து சேர்ந்த பிறகே பேருந்து நகரும். நாற்பது பேரும் கழிப்பறை போய்வர வேண்டும். நடுவில் ஒரு தோல்பொருள் கடையோ பவளக் கடையோ எப்படியும் எட்டிப் பார்க்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுவலிக்காரர்களுக்கும் குழந்தைக்காரர்களுக்கும் அதுவே சௌகரியம். மற்றவர்கள் ஊருக்கு ஊர் தனித்தனியாக முடிவு செய்யலாம். கப்பலின் ஏணிப்பாலத்துக்கும் நாம் பார்க்க வேண்டிய இடத்துக்கும் நடுவே எத்தனை வண்டி மாற வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

மால்டாவின் வலேட்டாவில் பதில் பூஜ்யம். கிராண்ட் ஹார்பருக்குள் கப்பல் நுழைவதே ஒரு காட்சி. இறங்கி நடந்தால் மின்தூக்கி ஒன்று கோட்டைச் சுவரின் உச்சிக்கு ஏற்றிவிடும், அங்கே ஊர் ஆரம்பம். அந்த ஊரில் சுற்றுலாவுக்குக் காசு கட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நேப்பிள்ஸ், பலெர்மோ இரண்டும் அதே வகை. டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கிற க்ரூஷ் துறையிலிருந்து பழைய ஊரின் வாசலுக்கு ஒரே ஒரு நகரப் பேருந்து. மேல் மாடிக்காரர் பயந்தது இவற்றுக்கு இல்லை, ரோமுக்கு.

ரோமைக் காலையிலிருந்து கணக்குப் போட்டால் குழம்பிப்போகும். மாலையிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். கப்பல் 7 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். அரை மணி முன்னதாக, 6.30-க்கு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கெடு. சிவிடவெக்கியா ரயில் நிலையத்திலிருந்து கடலோரமாக நடந்தோ உள்ளூர்ப் பேருந்திலோ லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்கு வந்து, துறைமுகப் பேருந்தில் ஏறிக் கப்பலடிக்கு வர முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் நிலையத்தில் 5.45-க்கு இறங்கினால் போதும் என்று தோன்றும். அது சூதாட்டம். ரோமின் சான் பியெத்ரோ நிலையத்திலிருந்து சிவிடவெக்கியாவுக்குச் சாதாரண ரயிலில் ஐம்பது நிமிடம், சற்றுக் கூடலாம். நான் சொல்வது மூன்று மணியை ஒட்டிய ரயில். அது தவறினால் அடுத்தது, அதுவும் ரத்தானால் அதற்கடுத்தது என்று கைவசம் ஒன்றிரண்டு இருக்கும்.

இப்போது காலைப் பக்கம். 7 மணிக்குக் கப்பல் கட்டினாலும் இறங்க அனுமதி கிடைக்க அரை மணி ஆகும். ரயில் பிடித்து சான் பியெத்ரோவில் இறங்கும்போது 9.30. ஆக, பன்னிரண்டு மணி நேரம் ரோமில் என்று தாளில் போட்டிருந்தது ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் வத்திக்கான் அருங்காட்சியகம், கொலோசியம், ட்ரெவி நீரூற்று, பாந்தியன் எல்லாவற்றையும் திணிக்கிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயம் கால் மணி நடை. உள்ளே போகக் கட்டணமில்லை, சோதனை வரிசை மட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி நவோனா சதுக்கம், பாந்தியன் வரை மெதுவாக நடந்து, ஒரு வேளை சாப்பிட்டுத் திரும்பினால் அது ஒரு நாள். கொலோசியம்தான் ஆசை என்றால் அதற்கே போங்கள், வத்திக்கானை விட்டுவிடுங்கள். புதன்கிழமையாக இருந்தால் காலையில் சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும். பேராலயத்துக்குள் நுழைய மதியம் வரை காத்திருக்க நேரலாம்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. பிர்க் என்று ஒரு நாள் சீட்டு இருக்கிறது. வாங்கும்போது ரோம் வரை செல்லுபடியாகும் மண்டலங்களைக் கேட்டு வாங்கினால், போகவர ரயில், ரோமுக்குள் மெட்ரோ, பேருந்து எல்லாம் அதிலேயே அடக்கம். காகிதச் சீட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். பரிசோதகர் அபராதம் போடும்போது வெளியூர்க்காரர் என்று இரக்கம் பார்ப்பதில்லை.

(சிவிடவெக்கியாவையும் அப்படியே உதறிவிட வேண்டியதில்லை. டிராஜன் பேரரசர் கட்டிய துறைமுகம் அது. எழுத்தாளர் ஸ்டெந்தால் 1831 முதல் அங்கே பிரெஞ்சுத் தூதரக அதிகாரியாக இருந்து சலித்துப்போய், கிடைத்த சாக்கிலெல்லாம் ரோமுக்கு ஓடினார். அவரிடம் கப்பல் இல்லை, அவசரமும் இல்லை.)

நேப்பிள்ஸில் எல்லோரும் பொம்பெய் போகிறார்கள். நீங்கள் எர்கொலானோ போங்கள் என்பேன். துறைமுகத்துக்கு எதிரே முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். அதைத் தோண்டும்போது ரோமானியக் காலத்துப் படகுகள் கிடைத்தன. அங்கிருந்து கரிபால்டி, கரிபால்டியில் சிர்க்கும்வெசுவியானா என்ற புறநகர் ரயில். நெரிசலும் புழுக்கமும் ஜேப்படியும் சேர்ந்த ரயில். பையை மார்புப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் ஒரு நிலையம் முன்னதாக, ரயில் புறப்படுகிற போர்த்தா நோலானாவிலேயே ஏற வேண்டும். எர்கொலானோ இருபது நிமிடம். பொம்பெய் நாற்பதுக்குள், அதற்கு இறங்க வேண்டியது சொரெந்தோ போகும் தடத்தில் உள்ள 'பொம்பெய் ஸ்காவி'. பொம்பெய் என்ற பெயரோடு வேறு நிலையங்களும் உண்டு, அங்கே இறங்கினால் வெயிலில் நடை.

இரண்டு ஊரும் கி.பி. 79-இல் ஒரே வெசுவியஸில் புதைந்தவைதாம். பொம்பெய் மீது சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டிக் கூரைகள் நொறுங்கின. எர்கொலானோவை மூடிய, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த எரிமலைப் பெருக்கு இறுகிப் பாறையாகிவிட்டதால் மேல்மாடிகள் நிற்கின்றன, மரம்கூட மிஞ்சியிருக்கிறது. ஒரு வீட்டில் கூடத்தையும் அதையடுத்த அறையையும் பிரிக்கும் மரத் தடுப்பு, மடக்குக் கதவுகளோடு, கரிக்கட்டை நிறத்தில் நிற்கிறது. விளக்கு மாட்டுவதற்கான பிடிகள்கூட அதிலேயே இருக்கின்றன. ஊர் சிறியது, இரண்டு மணி நேரத்தில் நிம்மதியாகப் பார்க்கலாம், நிழலும் கொஞ்சம் உண்டு. பொம்பெய்யில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை, டிக்கெட்டில் பெயரும் இருக்க வேண்டும். கோடையில் போகிறவர்கள் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

கிரேக்கப் பக்கம் போகிறவர்களுக்கு ஏதென்ஸ் சுலபம். 2022 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ தடம் பிரேயஸ் வரை வந்துவிட்டது. மொனாஸ்திராக்கியில் இறங்கினால் அக்ரோபொலிஸ் தலைக்கு மேலே. அங்கும் நாளுக்கு 20,000 பேர்தான், மணிக்கு இத்தனை என்று நேரச் சீட்டு. முதல் நேரத்தை வாங்குங்கள். வெயில் கொளுத்தும் நாட்களில் மதிய நேரம் வாசலையே பூட்டிவிடுகிறார்கள்.

சான்டோரினிதான் தொந்தரவு. அங்கே பெரிய கப்பல் கட்ட இடமில்லை. நடுக் கடலில் நிறுத்திப் படகுகளில் பழைய துறைக்குக் கொண்டுவிடுவார்கள். மேலே செங்குத்துப் பாறையின் உச்சியில் ஃபிரா ஊர். ஏற மூன்று வழி: கேபிள் கார், 600-க்குச் சற்றுக் குறைவான படிகள், கழுதை. கழுதை வேண்டாம். கழுதை போன வழியிலேயே நடப்பதும் அவ்வளவு சுகமில்லை, காலடி வழுக்கும். கேபிள் கார் சில நிமிடப் பயணம்தான்; அதற்கான வரிசை மணிக்கணக்கில் நீளலாம், அதுவும் மாலையில் எல்லாக் கப்பல் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும்போது. 2025 முதல் கப்பலில் வருகிறவர்கள் நாளுக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து கோடைக் காலத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் உண்டு. கூட்டம் முழுதாகக் கரைந்துவிடவில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரிசைக்கு வந்துவிடுங்கள்.

இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கைபேசி கரையின் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். கையில் முள் கடிகாரம் ஒன்றைக் கட்டி அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

கிழமையை யாரும் பார்ப்பதில்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு தவிர. ஃப்ளாரன்ஸில் உஃபிட்சியும், டேவிட் சிலை இருக்கிற அக்காதெமியாவும் திங்கள் விடுமுறை. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் ஒரு பருவகால விஷயம் போல வந்துபோகும். போக்குவரத்து அமைச்சகமே தேதிகளை முன்கூட்டி வெளியிடுகிறது. வேலைநாளில் நிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளிக்கப்பட்ட ரயில்கள் ஓடும். கப்பல் பயணிக்கு அதில் முதல் பாதிதான் பயன்படும். இரண்டாம் பாதி ரயிலில் வந்து சேரும்போது கப்பல் கடலில் இருக்கும். நிறுத்த நாளென்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் கப்பல் சுற்றுலாவுக்கே காசு கட்டிவிடலாம்.

நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு கூடுதல் கவலை. கப்பல் நடுவில் துனிசியாவையோ துருக்கியையோ தொட்டால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறோம். பலமுறை நுழையும் விசா வேண்டும். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கித் தாங்களே வைத்துக்கொள்வார்கள். நீங்கள் வராமல் கப்பல் கிளம்பினால் அதை ஊரிலுள்ள துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றன்றைய கப்பல் செய்தித்தாளில் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். காலையில் அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பாஸ்போர்ட், விசா நகலும் பையில் இருக்கட்டும்.

மேல் மாடிக்காரருக்கு லிவோர்னோ வருவது திங்கட்கிழமை. "அப்ப டேவிட் சிலையப் பாக்க முடியாதா?" என்று கேட்டார். ஃப்ளாரன்ஸ் சதுக்கத்தில் நகல் ஒன்று நிற்கிறது, அதைப் பார்ப்பதற்காகப் போகவும் வரவும் மூன்று மணி நேரம் ரயிலில் உட்கார வேண்டும். பீசா வேண்டுமானால் பக்கம், ரயிலில் இருபது நிமிடத்துக்குள். என்னைக் கேட்டால் லிவோர்னோவிலேயே இருந்துவிடலாம். மெதிச்சி ஆட்சியாளர்கள் 1590-களில் எந்த மதத்தாரும் வந்து வியாபாரம் செய்யலாம் என்று சட்டம் போட்டு வளர்த்த துறைமுகம். கால்வாய்கள் ஓடும் பழைய பேட்டை ஒன்று உண்டு, கடலோரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட நீண்ட மேடை உண்டு. சரக்குத் துறைமுகம் என்பதால் கப்பலடியிலிருந்து நடக்க விடமாட்டார்கள். ஊர் நடுவே கொண்டுவிடும் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். மூடுகூரைச் சந்தை காலையில்தான் களைகட்டும், முதலில் அங்கே போங்கள். சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் 'சிங்க்வே எ சிங்க்வே' என்று கேட்டால் ரொட்டியைப் பிளந்து நடுவே ஒரு சூடான துண்டை வைத்துக் கொடுப்பார்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டது, மேலே மிளகுத்தூள். சுத்த சைவம். பூண்டும் மிளகாயும் போட்ட கத்தரிக்காய் வைக்கட்டுமா என்று கேட்பார்கள். வைக்கச் சொல்லுங்கள்.