பரு இல்லாதவர்களின் அறிவுரை

"தண்ணி நிறைய குடி, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே, முகத்தை நல்லா கழுவு." பதினைந்து வருடமாகக் கேட்கிறேன். சொன்னவர்கள் முகமெல்லாம் வழவழப்பு. லாகைத் திறந்தே பார்க்காமல் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும் மேனேஜர்கள்.

பரு அழுக்கால் வருவதல்ல. ஹார்மோன் தூண்டிச் சுரக்கும் எண்ணெய், அடைபட்ட மயிர்க்காலுக்குள் தேங்கி, பாக்டீரியா பெருகி வீங்குவது. சோப்பு அங்கே எட்டாது. பரு உள்ளவர்களுக்கு இது தெரியும். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடே கிட்டத்தட்ட 10 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும், எரிச்சலும் குறைவு. அடாபலீன் பலன் காட்ட 12 வாரம்கூட ஆகும். எலுமிச்சையும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். எல்லாம் தெரியும்.

தெரிந்தும் ஏன் ஏமாறுகிறோம்? 'அழுக்கு' என்று வெட்கப்படுத்தப்பட்டவனுக்கு 12 வாரம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. மூணே நாளில் பளிச்சென்று ஆக்கும் ஸ்டீராய்டு க்ரீமுக்கு ஓடுவான். சீட்டில்லாமல் அதை விற்கக்கூடாதென்று 2018-ல் அரசு விதியை இறுக்கியது. கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் பரு மூர்க்கமாகத் திரும்பும்.

அக்கறை இருந்தால், "தோல் டாக்டரைப் பார்த்தியா, ஃபீஸுக்குக் காசு வேணுமா?" என்று கேளுங்கள். மற்றபடி வாயை மூடிக்கொள்ளுங்கள்.